பைசொஸ்ரிக்மீனின் தொகுப்பு: ஒரு வரலாற்று நோக்கு

சேதன இரசாயனத்தின் வரலாற்றைப் பெரும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. சிறிய கல்லூரியொன்றிலே நிகழ்ந்த ஒரு தொகுப்பினை ஆராய்வதன் வாயிலாக, அவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை இங்கு நோக்குவோம்.

மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கே உள்ள கலபார்ப் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள், குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சோதித்தற்கு ஒருவகை நச்சு அவரையைப் பயன்படுத்தினர். அதனை உண்டு பிழைத்தவன் குற்றமற்றவன் எனக் கொள்ளப்பட்டான். அவ்வவரையிலிருந்து பைசொஸ்ரிக்மீன் என்னும் அற்கலோயிட்டு 1864 இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1877 இல் லக்குவர் என்னும் மருத்துவர் குளுக்கோமா என்னும் கண்ணோய்க்கு இதனைப் பயன்படுத்தினார். எனினும் அது செயற்படும் முறை அன்று விளங்கவில்லை. நரம்பு முனைகளிற் சுரக்கும் அசற்றைல்கோலின் சிதைவதை இப்பொருள் தடுக்கின்றது என்பதனை ஒற்றோ லோவியும் அவர்தம் உடனாய்வாளரும் 1926 இல் காட்டினர். அச்சிதைவை நிகழ்த்தும் நொதியத்தின் தாக்கமையத்திலுள்ள செரீனுக்குப் பைசொஸ்ரிக்மீன் தன் காபமொயிற் கூட்டத்தை அளிக்கின்றது. அப்பிணைப்பு மெதுவாகவே அறுவதால் நொதியம் சிறிது காலம் செயலிழந்து நிற்கின்றது என இன்று நாம் அறிவோம். நொதிய நிரோதிகளின் வரலாற்றில் இஃது ஒரு தொடக்கநிலைச் சான்றாகும்.

1925 இல் ஸ்ரெட்மன், பாகர் ஆகியோர் இதன் அமைப்பினை முன்மொழிந்தனர். அதனை உறுதிப்படுத்துதற்கு முழுமையான தொகுப்பு வேண்டப்பட்டது. ஒக்ஸ்போட்டில் றொபேட் றொபின்சன் தலைமையிலான குழு இம்முயற்சியில் ஈடுபட்டு, இடைநிலைப் பொருளான இசெரெத்தோலைத் தாம் பெற்றதாக அறிவித்தது.

அதே வேளையில், ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து டீபோ பல்கலைக்கழகத்தில் பேர்சி ஜூலியன் என்பார் இதே பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1899 இல் அலபாமாவிற் பிறந்த அவர், அடிமையாயிருந்த ஒருவரின் பேரர். 1931 இல் வியன்னாவிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வியன்னாவிலிருந்து வந்த யோசப் பிக்கில் அவருக்குத் துணைநின்றார். ஜூலியன் பெற்ற இசெரெத்தோலின் இயல்புகள் றொபின்சனின் அறிக்கைக்கு மாறுபட்டிருந்தன. புகழ்மிக்க பேராசிரியரோடு முரண்படுவது இளம் ஆய்வாளர் ஒருவருக்கு எளிதன்று. தவறு தம்முடையதாயின் தமது ஆய்வு வாழ்வே முடிந்துவிடும். ஆயினும் ஜூலியன் அம்முரண்பாட்டை வெளிப்படையாகவே பிரசுரித்தார். தாம் தொகுத்ததனை இயற்கைப் பொருளிலிருந்து பெற்றதனோடு ஒப்பிட்டபோது உருகுநிலைகள் ஒத்தன. 1935 இல் முழுத் தொகுப்பும் வெளிவந்தது. ஜூலியனின் முடிபே சரியென ஏற்கப்பட்டது.

இவ்வெற்றிக்குப் பின்னரும் அவருக்கு டீபோவில் நிரந்தர ஆசிரியப் பதவி வழங்கப்படவில்லை. நிறவேற்றுமையே அதற்குக் காரணமாயிற்று. 1936 இல் அவர் சிக்காகோவிலே தொழிற்சாலை ஆய்வுக்குச் சென்று, சோயா அவரையிலிருந்து ஸ்ரீரொயிட்டுகளை ஆக்கும் பணியிற் சிறந்தார். 1973 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975 இல் அவர் காலமானார். டீபோ தன் விஞ்ஞானக் கட்டடத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது 1980 இலேயாம்.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு இரண்டாகும். ஆய்வுகூடத்தின் பருமையோ ஆய்வாளரின் புகழோ ஒரு முடிபின் உண்மைக்குச் சான்றாகா. மீளச் செய்து பார்க்கத்தக்க அளவீடே சான்றாகும். அவ்வளவீட்டை ஏற்றுக்கொண்ட அதே சமுதாயம், அளந்தவரை ஏற்பதற்கு மேலும் பல்லாண்டுகள் எடுத்தது என்பதும் விஞ்ஞான வரலாற்றின் ஒரு பகுதியே. இவ்விரண்டனையும் ஒருங்கே எழுதுதல் வரலாற்றாசிரியரின் கடனென்பது எமது கருத்து.