தோண்டாமல் ஒரு நகரம்

போன வாரம் அரிக்கமேட்டில் நிறுத்தினோம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே குழி போட்டு, ரோம நாட்டு அரிட்டைன் பாண்ட ஓடுகளை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கைப் பிடித்துத் தந்தார். ஆனால் தோண்டிய குழியை இன்னொருவர் மறுபடி தோண்டிப் படிக்க முடியாது. மண்ணடுக்கு கலைந்தது கலைந்ததுதான்.

ரோமர்களின் சொந்த எல்லையில் இன்று வேறு விதமாக வேலை நடக்கிறது. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் இருந்தது கார்னுன்டம். பேரரசின் வட எல்லையைக் காத்த படைமுகாமும் அதை ஒட்டி வளர்ந்த ஊரும். அங்கே வயலுக்கு அடியில் கிளாடியேட்டர் பயிற்சிக்கூடம் ஒன்று இருப்பதை 2011இல் அறிவித்தார்கள். வீரர்களை அடைத்து வைத்த சிற்றறைகள், குளியல் கட்டடம், வட்டமான பயிற்சிக்களம் எல்லாம் படத்தில் தெரிந்தன. களத்தின் நடுவில் வாள் பழக நட்ட மரத்தூணின் தடம்கூடத் தப்பவில்லை. அதுவரை ஒரு மண்வெட்டியும் அங்கே இறங்கவில்லை.

வேலை செய்தவை ரேடாரும் காந்தமானியும். ரேடார் அனுப்பும் அலை சுவரிலோ தளத்திலோ பட்டுத் திரும்பும்; திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஆழத்தைச் சொல்லும். காந்தமானியின் சூட்சுமம் இன்னும் அழகு. களிமண் நன்றாகச் சுடப்பட்டு ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையில் உறைந்துவிடுகின்றன. சூளை, உலை, செங்கல் சுவர் எதுவானாலும் ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தச் சிறு மாற்றம் கருவியில் ஏறும்.

கீழடியிலும் 2019இல் ஐந்தாம் கட்ட அகழாய்வை ஒட்டி மாநிலத் தொல்லியல் துறை ட்ரோன், காந்தமானி, ரேடார் மூன்றையும் பயன்படுத்தியது. மேடு சுமார் 110 ஏக்கர், பெரும்பகுதி தென்னந்தோப்பு. அத்தனையையும் வெட்டிப் பார்க்க யாராலும் ஆகாது. எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. தோப்பில் தொல்லையும் உண்டு. மோட்டார் குழாய், கம்பிவேலி, மின்கம்பி எல்லாமே காந்தமானியைக் குழப்பும். ஈரக் களிமண்ணோ ரேடார் அலையை விழுங்கிவிடும். காலத்தைச் சொல்லவும் கருவிக்குத் தெரியாது. கீழடிக்குக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று சொல்ல வைத்தது, 353 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்த கரித்துண்டு. அதற்குக் குழி வேண்டியிருந்தது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் 2023இல் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த ஈமப்பேழைப் புதைப்பு ஒன்றின் காலம் கி.மு. 1692 எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. கல்வட்டங்களும் நடுகற்களும் நிறைந்த மாவட்டம் இது. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றிப் பெருகியிருக்கும் மனைப்பிரிவுகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றே: தொல்லியல் தடயம் தெரிந்த ஊர்களிலாவது, ஜேசிபி இறங்கும் முன் ஒரு ரேடாரை இழுத்துச் செல்வதை அனுமதி விதியாகவே ஆக்கலாம். காந்தமானியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாறையிலேயே காந்தக் கனிமம் கலந்திருந்தால் எல்லா இடமும் உலை மாதிரிதான் காட்டும்.

தண்ணீருக்கு அடியில் என்ன செய்கிறார்கள்? அடுத்த வாரம் கொற்கைக் கடலோரம்.