ஹூக் மூட்டும் காரின் உதறலும்

பின்சக்கரத்தால் ஓடும் கார் உதறினால் முதல் பழி டயர் மேல்தான். வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லையா? 1676க்குப் போகணும் நண்பர்களே!

அந்த வருடம் லண்டனில் ராபர்ட் ஹூக் (காமர்ஸ்காரனான எனக்கே தெரிந்த, ஸ்பிரிங் விதி சொன்ன அதே ஆள்) வெளியிட்ட நூலில் ஒரு மூட்டை விவரித்தார். சாய்வாக நிற்கும் இரண்டு தண்டுகளைச் சிலுவைத் துண்டு ஒன்று இணைத்துச் சுற்றவைக்கும். வில்லங்கம் என்னவென்றால், முதல் தண்டு சீராகச் சுற்றினாலும் அடுத்தது ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால், 1000 சுற்று வேகம் 985க்கும் 1015க்கும் நடுவே ஆடும்.

1903இல் அமெரிக்காவில் கார்னெல் மாணவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் இந்த மூட்டைக் காருக்கென்று வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார். (மாணவர்! நாம அசைன்மெண்டே முடிக்கல.) அதுவரை பல கார்கள் செயினில் ஓடின. ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டு வைத்து, இரண்டு சாய்வும் சமமாக இருந்தால், முதலாவது கெடுப்பதை இரண்டாவது சரிசெய்துவிடும். 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரின் அடியிலும் இந்த ஏற்பாடுதான்.

ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளியும் உதறல் தொடர்ந்தால் இன்ஜின் மேல் குற்றமில்லை. அப்புறம் கணக்குதான். ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று, உதறலும் 30 என்றால் பேலன்ஸ் கோளாறு. 60 என்றால் ஹூக்கின் வில்லங்கம்: கியர்பாக்ஸ் மவுண்டிங் அமுங்கியோ, லீஃப் ஸ்பிரிங் தொய்ந்தோ சாய்வு மாறியிருக்கும். இல்லையென்றால், ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபோது பல் மாறி உட்கார்ந்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் கழற்றும் முன்பே அதில் ஒரு கோடு போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.