கல்வியால் ஈட்டிய பொருளும் கூட்டுக் குடும்பமும்

உடன்பிறந்தார் ஒரு மனையில் உறைதல் வேறு; பொருளை ஒன்றாக உடையராதல் வேறு. இவை சட்ட நெறியிற் பிரிந்த வரலாற்றைத் தென்சென்னையை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

மிதாட்சர நெறியில், குடும்பச் செலவால் சிறப்புக் கல்வி பெற்றவன் அக்கல்வியால் ஈட்டுவது குடும்பத்தின் பொதுப்பொருளாம். இதனை மாற்றுதற்கு, மயிலாப்பூர்க் குழுவினர் எனப்பட்ட வழக்கறிஞருள் ஒருவராகிய வி. பாஷ்யம் ஐயங்கார் 1891-இல் சென்னைச் சட்ட அவையில் மசோதா கொணர்ந்தார். ஆளுநரின் இசைவு பெறாமையால் அது சட்டமாகவில்லை. 1921-இல் கோகல் சந்து வழக்கில் பிரிவி கவுன்சில், ஐ.சி.எஸ். அலுவலர் ஒருவரின் ஊதியத்தையும் பொதுப்பொருளெனவே தீர்த்தது. 1930-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஈட்டியவனுக்கு உரிமையாக்கிற்று.

அவ்விடைக்காலத்தேதான் மாம்பலத்து ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழத் தொடங்கிற்று. அங்கு ஊதியத்தால் மனை கொண்ட தமையனிடம் தம்பியர் பங்கு கோருதற்கு முன்னர் இடமிருந்தது, 1930-க்குப்பின் அவ்விடமில்லை. எனவே வருவாய் குன்றிய இளையோன், உரிமையால் உறைந்த நிலை நீங்கித் தமையன் அன்பால் உறைவோன் ஆயினான். பெண்மக்களுக்கோ பிறப்பால் வரும் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் கிட்டியது. அதுவும் அதற்குமுன் மணமாகாதார்க்கே.

ஆகலின், மூன்று தலைமுறையார் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தமை கண்டு அதனைப் பழைய கூட்டுக் குடும்பமெனத் துணிதல் பொருந்தாது. அம்மனை எவர் பெயரில், எப்பொருளால் வாங்கப்பட்டது என்பதையும் உடன் நோக்கியே துணிதல் வேண்டும்.