ஏழு கோயில் கதையை முதலில் எழுதியது யார்?

மாமல்லபுரம் பற்றிக் கட்டுரை எழுதி வா என்றால் நம் செங்கல்பட்டு மாவட்டப் பிள்ளைகளில் பலர் ஒரே வரியோடு வருவார்கள்: "மொத்தம் ஏழு கோயில்கள். கரையில் ஒன்று, கடலுக்குள் ஆறு." எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால், "கூகுள்ல இருந்து சார்."

நண்பர்களே, அந்த வரி எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் இந்த ஊருக்கு வந்தார். பிற்பாடு நினைவிலிருந்து அவர் எழுதிய கட்டுரை, 1788-ல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் அச்சானது. கப்பல்காரர்கள் இவ்வூரை 'ஏழு பகோடா' என்று அழைத்ததை அதில் குறித்தார். கடலுக்குள் செம்பு வேய்ந்த கோயில் உச்சிகள் விடியலில் மின்னியதைப் பார்த்ததாக ஊர் முதியவர்கள் சொன்னதையும் எழுதினார். பல கோயில்கள் என்றாரே தவிர, ஆறு என்று கணக்குச் சொல்லவில்லை.

1810-ல் கவிஞர் ராபர்ட் சவுதி தம் காவியத்தில் இந்த மூழ்கிய நகரத்தை எடுத்தாண்டார். எங்கே படித்தார் என்பதைக் குறிப்பில் காட்டினார். 1869-ல் கேப்டன் கார், மாமல்லபுரம் பற்றி அதுவரை வந்த கட்டுரைகளை ஒரே நூலாகத் தொகுத்தார். ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயர் உண்டு. 1803-ல் காவலி லட்சுமையா தெலுங்கில் எழுதிய விவரணையும் அவர் பெயரிலேயே அதில் இருக்கிறது.

பெயர்கள் இருப்பதால்தான் இன்று நாம் சேம்பர்ஸ் வரை போய்ச் சரிபார்க்க முடிகிறது. ஆனால் அவருக்குச் சொன்ன முதியவர்கள் யார்? பெயர் இல்லை. சங்கிலி அங்கே அறுந்துவிட்டது. 2002-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இங்கே கடலடியில் சுவர்ப் பகுதிகளையும் வெட்டிய கற்களையும் கண்டார்கள். ஏதோ கட்டடங்கள் இருந்தன என்பதற்கு அது சான்று. ஆறு கோயில் என்ற எண்ணுக்குச் சான்று அல்ல.

சட்டத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பள்ளிக்கு எதிரி அல்ல. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுக்க அதன் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை 2016-ல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

ஆனால் வகுப்பறை வேறு, பள்ளியின் யூடியூப் சேனல் வேறு. அர்ச்சுனன் தபசு பல்லவச் சிற்பியின் கைவேலை. அதற்கு இன்று யாரும் பதிப்புரிமை கோர முடியாது. அதை ஒருவர் எடுத்த புகைப்படத்துக்கோ, அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. இணையத்தில் கிடைத்தது என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆண்டு மலரில் போடுமுன் அனுமதி கேட்க வேண்டும். அல்லது பிள்ளைகளை அழைத்துப் போய் அவர்களையே படம் எடுக்கச் சொல்லலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் என்ன தூரம்?

பதிப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு. சேம்பர்ஸ் கட்டுரையை இன்று யாரும் அச்சிடலாம். ஆனால் இன்னார் சொன்னது என்று சொல்லும் கடமைக்குக் காலக்கெடு கிடையாது. அது நன்றிக்காக மட்டும் அல்ல. பிழை எங்கே நுழைந்தது என்று தேடிப் போக அது ஒன்றுதான் வழி.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையின் கடைசியில் மூன்று விவரம் எழுதச் சொல்லுங்கள்: யார் எழுதியது, எங்கே வந்தது, எந்த ஆண்டு. ஊர்ப் பெரியவரிடமோ மீனவரிடமோ கேட்டு எழுதினால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதட்டும். 'கூகுள்' என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒருபடி பின்னால் போய்ப் பார்த்து வா என்று சொல்லுங்கள்.