உள்ளே ஒப்பாரி, வாசலில் கானா

கானா என்றால் ஆம்பளைப் பாட்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தெருதான். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. மீனவர் குப்பமும் எங்கள் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடல் அவர்களுக்கு, மூட்டை எங்களுக்கு. ஐஸ் உடைப்பது, கூடை தூக்குவது, ஹார்பரில் சுமை இறக்குவது என்று உடம்பை விற்றுப் பிழைத்த சனம் நாங்கள்.

1994இல் அப்பா செத்துப்போனார். எனக்கு அப்போது பதினைந்து வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாள் ராத்திரி கானா செட்டு வந்தது. தெருவை அடைத்துப் பந்தல், ட்யூப்லைட், மைக். டோலக்கு ஒருவர், புல்புல்தாரா ஒருவர், பாடுகிறவர் இருவர். பந்தலில் உட்கார்ந்திருந்தது முழுக்க ஆண்கள். பெண்கள் வீட்டுக்குள்ளே அப்பா படத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாடுகிறவரில் மூத்தவர் வாசற்படி ஓரம் வந்து நின்றார். "யக்கா, அண்ணன் இன்னா வேல பாத்தாரு, யாருக்கு இன்னா செஞ்சாரு, ரெண்டு விசயம் சொல்லுக்கா" என்றார். அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். கோதுமை மூட்டை தூக்கித் தூக்கி அப்பாவின் கழுத்து காய்த்துப் போனது, கண்டெய்னர் வந்த பிறகு வேலையில்லாமல் கேட்டு வாசலில் காத்துக் கிடந்தது, முதல் சம்பளத்தில் அவளுக்கு மூக்குத்தி வாங்கியது, அதையே பிறகு அடகு வைத்தது என்று எல்லாமே அந்த அழுகையில் இருந்தது. அவர் அங்கேயே நின்று கேட்டார். நடுராத்திரிக்கு மேல் மைக்கில் அப்பாவைப் பற்றி அவர் பாடியபோது காய்த்த கழுத்தும் வந்தது, மூக்குத்தியும் வந்தது. ஆண்கள் விசிலடித்து அழுதார்கள், ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார்கள். அந்தச் சொற்களுக்குச் சொந்தக்காரி உள்ளே தொண்டை கட்டிப்போய்ச் சுருண்டு படுத்திருந்தாள்.

அன்றைக்கு நானும் பாடணும் என்று எழுந்தேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "பொட்டப் புள்ள பந்தல்ல போயி பாடுனா நாளைக்கு எவன்டி உன்னக் கட்டிக்குவான்?"

இந்த ஒரு வாசற்படியை வைத்துக்கொண்டுதான் கானாவின் வரலாற்றை நான் யோசிக்கிறேன்.

வடசென்னை எப்படி உருவானது? 1856இல் இராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. 1870களில் துறைமுகச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. 1876இல் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம் ஆலை வந்தது. கிராமத்துச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த நம் சனம் இந்த வேலைகளை நம்பித்தான் இங்கே குடிசை போட்டது. அந்தத் துறைமுகச் சுவர் இன்னொரு காரியமும் செய்தது. கரையோரம் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் இராயபுரம், காசிமேடு கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. இன்றைக்கும் எங்கள் கரையில் மணல் இல்லை, கொட்டிய பாறைதான் இருக்கிறது. ஊர் தெற்கே வளர்வதற்கான விலையை வடக்கே கட்டியது என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கலையிலும் இதே கணக்குத்தான். 1928இல் மியூசிக் அகாடமி உண்டானது. எது சங்கீதம், எது சத்தம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சபாக்களிடம் போனது. அதே நகரத்தில் குடிசையிலும் சுடுகாட்டு வழியிலும் ஜெயிலிலும் புழங்கிய பாட்டு 'ரவுடிப் பாட்டு' ஆனது. கானாவின் வேர் சித்தர் பாட்டு என்பார்கள், தர்காப் பாட்டு என்பார்கள். இருக்கலாம். ஆனால் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவைக் கேட்ட யாருக்கும் அதன் பக்கத்து வேர் எது என்று தெரியும். செத்தவரின் பேரைச் சொல்லி, அவர் பட்ட பாட்டைச் சொல்லி, விட்டுப்போனவர்களின் கதியைக் கேட்பது ஒப்பாரியின் முறை. அதற்குத் தாளமும் மைக்கும் கிடைத்தபோது அது கானா ஆனது. மைக் கிடைத்தது ஆணுக்கு மட்டும்.

சினிமாக்காரர்கள் கானாவைக் கண்டுகொண்டபோதும் இதுவே தொடர்ந்தது. 1990களில் தேவாவின் இசையில் கானா மெட்டு தமிழ்நாடு முழுக்கப் போனது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடினார், திரையில் முகமும் காட்டினார். 2012இல் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலா வந்தார். இவையெல்லாம் நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சினிமாவுக்குப் போன கானா கேலியும் காதல் தோல்வியுமாகச் சுருங்கியது. சாவு விழுந்த வீட்டின் கோபம் அதில் இல்லை. பெண் அதில் பாடப்படும் பொருளாக இருந்தாள், பல பாட்டில் வசைபாடப்படும் பொருளாக.

2018 ஜனவரி 6. மார்கழி இன்னும் முடியவில்லை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியில்லாத தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பேர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய பண்டிதரின் சொல் நூறு வருசம் கழித்துக் கானாக்காரர்களின் மேடைக்குப் பேராக வந்ததே, அதைப் பார்க்கவாவது போகணும் என்று கிளம்பினேன். அம்மா தானும் வருகிறேன் என்றாள். மின்ட் வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ்.

மைதானம் நிறைந்து வழிந்தது. பந்தலில் ஆண்கள், உள்ளே பெண்கள் என்ற பிரிவு அங்கே இல்லை. மேடையில் பத்தொன்பது பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, ஆணவக் கொலையைப் பற்றிப் பாட்டு. கோட்டு சூட்டைப் பார்த்ததும் அம்மா, "அம்பேத்கர் மாரி உடுத்திகினு இருக்குதுங்க" என்றாள். அந்தப் பத்தொன்பது பேரில் ஒரே ஒரு பெண். இசைவாணி. இராயபுரத்துப் பெண்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வளர்ந்த பெண் அத்தனை ஆயிரம் பேர் முன்னால் கானா பாடுகிறார். எனக்கு உடம்பு நடுங்கியது. அம்மா கைதட்டவில்லை, விசிலடித்த பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "அந்தப் பொண்ணு அவங்க அம்மா சொல்லியுமா பாடுது, சொல்லாமலா பாடுது?"

இசைவாணி சிறு வயதிலிருந்தே அப்பாவோடு மேடையேறியவர் என்று பிறகு படித்தேன். 2020இல் பிபிசியின் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. தெருவில் இனிப்பு கொடுக்காத குறை. ஆனால் 2024 நவம்பரில் என்ன நடந்தது? சில வருசத்துக்கு முன்னால் அவர் பாடிய பாட்டு, கோயிலுக்குள் பெண் நுழைவதைப் பற்றிய பாட்டு. அதற்காகக் காவல்துறையில் புகார், மிரட்டல், ஆபாச வசை. அது ஒரு குழு சேர்ந்து உருவாக்கிய பாட்டு. வசை மட்டும் பாடிய பெண்ணின் தலையில் இறங்கியது. சபரிமலைப் படியைப் பற்றிப் பாடினால் சாதி இந்துக்களுக்கு வலிக்கிறது, சரி. எங்கள் தெருவின் சாவு வீட்டுப் படியைப் பற்றி நான் கேட்டால் வலிக்கப்போவது யாருக்கு? தோழர்கள் இதையும் யோசிக்க வேண்டும். பறையைத் தொட்டால் தீட்டு என்று சொன்னவனோடு சண்டை போட்ட நாம், டோலக்கைப் பெண் தொடக்கூடாது என்பதை வழக்கம் என்று விட்டுவிட்டோம்.

2022இல் அம்மா போனாள். காரியத்துக்குச் செட்டு வந்தது. இளவட்டப் பையன்கள். நான் வாசலுக்கு வந்து மைக்கைக் கேட்டேன். பெரியப்பா, "வேணாம்மா, நல்லாருக்காது" என்றார். டோலக்குக்காரப் பையன் ஒரு நிமிசம் யோசித்து, "நீ பாடுக்கா, நான் புடிச்சிக்கிறேன்" என்றான். அம்மா அப்பாவுக்கு வைத்த ஒப்பாரியிலிருந்து ஆரம்பித்தேன். காய்த்த கழுத்து வந்தது, மூக்குத்தி வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அவள் ராத்திரி முழுக்க அழுததில் இருபது வரிகூட என் நினைவில் இல்லை. பெரியப்பா எழுந்து போகவில்லை, உட்கார்ந்து கேட்டார்.

கானாவை இன்றைக்கு மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள், கேமரா எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வரட்டும். பந்தலோடு நின்றுவிடாமல் வாசற்படி தாண்டி உள்ளேயும் வாருங்கள். தொண்டை கட்டிப்போன கிழவிகள் இன்னும் கொஞ்சம் பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.