லினக்ஸ் தொடக்கப் பழுதும் பிணையப் பழுதும்

லினக்ஸ் கணினி, சுவிட்சைப் போட்டபின் லாகின் திரைவரை வராமல் நடுவழியில் நின்றுவிட்டால் அது தொடக்கப் பழுது. கணினி தொடங்கியும் நெட்வொர்க்கில் சேராவிட்டால் அது பிணையப் பழுது. வன்பொருள் முழுதும் நன்றாக இருக்கும்போதே, அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி பிசகினாலும் இவை வரும்.

தமிழ்நாட்டில் இப்பழுதுகள் பல வீடுகளுக்கும் அறிமுகமாக ஒரு காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வந்தன. பாஸ் என்பது டெபியனை அடியாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வெளியானது. மடிக்கணினித் திட்டத்துக்கு முன்பே, சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது.

தொடக்கம் ஒரு சங்கிலி. பயாஸ், டிஸ்க்கின் முதல் செக்டாரான 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட்டில் அடங்கிய சிறு நிரல் பூட்லோடரை அழைக்கும். பூட்லோடர் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் அதன் துணையோடு ரூட் பார்ட்டிஷனை ஏற்றி, இனிட் நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதைத் திரையின் கடைசி வரி சொல்லிவிடும்.

இதை மிக அழகாகச் சொன்னது வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய பழைய பூட்லோடரான லிலோ. தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் படிப்படியாக அச்சிடும். ‘எல்’ மட்டும் தெரிந்தால் இரண்டாம் கட்ட நிரலை ஏற்ற முடியவில்லை. ‘எல், ஐ’ என நின்றால் ஏற்றியும் இயக்க முடியவில்லை. மூன்றெழுத்தோடு நின்றால் வரைபடக் கோப்பைப் படிக்க முடியவில்லை. மூன்றெழுத்தின் பின் கேள்விக்குறி வந்தால் நிரல் தவறான முகவரியில் ஏறியிருக்கிறது. சிறுகோடு வந்தால் விவர அட்டவணை சிதைந்திருக்கிறது. நான்கும் வந்தால் எல்லாம் சரி. லிலோவின் வளர்ச்சி 2015 முடிவில் நிறுத்தப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது கிரப். இரட்டை இயங்குதள மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தபடி லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் நிற்கும், விண்டோஸும் வராது. கிரப்பின் முற்பகுதி டிஸ்க்கின் தலைப்பில் இருக்க, மீதி அந்தப் பார்ட்டிஷனோடு போய்விட்டதே காரணம். விண்டோஸ் நிறுவு டிஸ்க்கைக் கொண்டு முதல் செக்டாரைத் திரும்ப எழுத வேண்டும். பார்ட்டிஷன் அழியாமல் எண் மட்டும் மாறியிருந்தால் ‘எல்எஸ்’ கட்டளையால் அதைத் தேடி, ரூட், பிரிஃபிக்ஸ் இரண்டையும் குறித்து, நார்மல் மாட்யூலை ஏற்றினால் மெனு வந்துவிடும். உள்ளே போனதும் ‘கிரப்-இன்ஸ்டால்’ இயக்கினால் பழுது நிலையாகத் தீரும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது லினக்ஸ் மெனுவிலிருந்து மறைவதற்கும் இதுவே மருந்து.

‘கெர்னல் பேனிக்’ வந்து ரூட்டை ஏற்ற முடியவில்லை என்றால், பூட் பார்ட்டிஷன் நிரம்பி இனிட்ராம்எஃப்எஸ் அரைகுறையாக எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். ஏற்ற வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில், இல்லாத பார்ட்டிஷனின் அடையாள எண் இருந்தால் சிஸ்டம்டி என்னும் இனிட் நிரல் 90 நொடி காத்திருந்து அவசர நிலைக்குப் போகும். டெபியன் 2015-இல் சிஸ்டம்டிக்கு மாறியபின், பழுதுள்ள சேவையைப் பெயர் சொல்லிக் காட்டுவதால் கண்டறிவது எளிதாயிற்று.

பிணையப் பழுதைக் கீழிருந்து மேலாகத் தேட வேண்டும்: கார்டு, டிரைவர், கேபிள் இணைப்பு, ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ். முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி பதில் தரவில்லை. எண் முகவரிக்கு பிங் போய், பெயருக்குப் போகாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கிறது.

பள்ளி லேபில் ஒரு டிஸ்க்கை நகலெடுத்து எல்லாக் கணினியிலும் போட்டபோது நெட் வராமல் போனதற்கு, கார்டுகளுக்குப் பெயரிடும் யூடெவ் காரணம். அது பழைய கார்டின் மேக் முகவரியை ‘ஈத்0’ என்று விதிக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். புதிய கார்டுக்கு ‘ஈத்1’ என்று பெயரிடும். அமைப்புக் கோப்போ இன்னும் ஈத்0-வையே தேடும். விதிக் கோப்பை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க 2013-இல் சிஸ்டம்டி, கார்டு செருகிய இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. இன்டர்ஃபேசஸ் கோப்பில் கைப்பட எழுதிய கார்டை டெபியனின் நெட்வொர்க் மேனேஜர் தொடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டியது.

1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் இவ்வறிவைத் தமிழருக்குத் தாராளமாகக் கொண்டுசேர்த்தன.

இன்று பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐயும், பூட்லோடரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் வந்துவிட்டன. 2024 ஆகஸ்டில் செக்யூர் பூட்டைத் தொட்ட மைக்ரோசாஃப்ட் அப்டேட் ஒன்று பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது.