கூரையும் வானமும்: பிரித்தானியாவில் வெட்டவெளி ஈமத்தீ பற்றிய சட்டமும் உள்ளூர் அனுமதியும் (1884–2010)

முன்னுரை

பிரித்தானியாவில் வாழும் தமிழர் கோயில் எழுப்பவும், வீதியில் தேர் இழுக்கவும், பொது மண்டபங்களில் விழா எடுக்கவும் உள்ளூராட்சி மன்றங்களின் அனுமதியைப் பெற்றே வந்துள்ளனர். காலப்போக்கில் இவ்வனுமதிகள் வழக்கமான நடைமுறையாகிவிட்டன. ஈமச்சடங்கில் மட்டும் நிலைமை வேறு. சுடலையில் சிதைக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன், எரிகூடத்தின் உள்ளறையில் நின்று ஒரு பொத்தானை அழுத்துகிறான். "இந்நாட்டுச் சட்டம் சிதையைத் தடை செய்கிறது" என்று கூறி மூத்தோரும் இளையோரும் ஒருங்கே அமைதி அடைகின்றனர்.

இக்கூற்று பாதி உண்மையே. வெளியிடத்தில் தீ மூட்டுவதை ஆங்கிலச் சட்டம் பொதுக் குற்றமாகக் கருதியதில்லை. மனித உடலை எரிப்பதையும் அது தொடக்கத்தில் தடுக்கவில்லை. தடை எப்போது, எதன் பொருட்டு, எந்தச் சொற்களில் வந்தது என்பதையும், 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் அத்தடையில் எஞ்சி நிற்பது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் உள்ளூர் அனுமதி பற்றிய வினாவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. தமிழர் மரபில் இடுதலும் சுடுதலும்

சட்ட வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழர் ஈமமரபு ஒருமுகமானதன்று. இடுகாடு, சுடுகாடு என்னும் இரு சொற்களும் மொழியில் அருகருகே வாழ்கின்றன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தோரைச் சுடுதல், வாளா இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை முறைகளைச் சுட்டுகிறது. இன்றும் குழந்தைகளையும் துறவியரையும் புதைக்கும் வழக்கம் உண்டு. பரம்பரையாகவே புதைக்கும் சமூகத்தாரும் உளர்.

எரியூட்டும் குடும்பங்களில் தீயைத் தொடுவது மகனின் கை என்பது சடங்கின் நடுநாயகம். யாழ்ப்பாணச் சைவ மரபில் வீட்டில் சுண்ணம் இடித்தல், வாய்க்கரிசி இடுதல், சுடலையில் கொள்ளிக்குடம் உடைத்தல், கொள்ளி வைத்தல், பின்னர் காடாற்று, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று இச்சடங்குகள் தொடர்கின்றன. பிரித்தானியாவில் சுண்ணம் இடித்தலும் வாய்க்கரிசியும் மண்டபத்தில் நிகழ்கின்றன. சாம்பல் கீரிமலைக்கோ இராமேசுவரத்துக்கோ பயணிக்கிறது. சுடலைக்குச் செல்லாத பெண்கள் இங்கே எரிகூடத்துக்கு வருகின்றனர். ஏனைய கூறுகள் யாவும் இடம்மாறியோ உருமாறியோ தொடர, கண்முன் எரியும் தீ ஒன்றே முற்றாக விடுபட்டது. அதனாலேயே அதன் சட்ட வரலாறு நமக்குப் பொருள் உடையதாகிறது.

2. 1884: தொல்லை எனும் அளவுகோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடலை எரித்தல் ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் அந்நியமான செயல். 1870 நவம்பர் 30 அன்று கோலாப்பூர் அரசர் இராசாராம் இத்தாலியின் புளோரன்சு நகரில் இளவயதில் காலமானபோது, நகர ஆட்சியினர் அனுமதி அளிக்க, அர்னோ ஆறும் முன்யோனே ஆறும் கூடும் இடத்தில் அவருடல் சிதையில் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் இன்றும் உள்ளது. ஐரோப்பிய நகரம் ஒன்று இந்துச் சிதைக்கு வழங்கிய உள்ளூர் அனுமதிக்கு இது நன்கறியப்பட்ட முன்னுதாரணம்.

இங்கிலாந்தில் அரசியாரின் அறுவை மருத்துவர் சர் என்றி தாம்சன் 1874இல் எரியூட்டற் சங்கத்தை நிறுவினார். சங்கம் வோக்கிங்கில் நிலம் வாங்கி உலை அமைத்து, 1879இல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தது. ஊரார் எதிர்த்தனர், உள்துறை அமைச்சர் மனித உடலை எரிக்க இசையவில்லை. முட்டுக்கட்டையை அகற்றியது சங்கத்தின் முயற்சியன்று. வேல்சு நாட்டு முதியவர் ஒருவரின் துணிவு.

தம்மைத் துரூயிது சமயக் குருவாகக் கருதிய மருத்துவர் வில்லியம் பிரைசு, 1884 சனவரி 13 அன்று இலான்திரிசாந்து ஊரின் மேட்டு நிலத்தில், ஐந்து மாதக் குழந்தையாக இறந்த தம் மகனின் உடலுக்குத் தீயிட்டார். அப்போது அவருக்கு வயது 83. கூட்டம் சினந்து திரண்டது. காவலர் உடலை வெளியே இழுத்தனர். வழக்கு கார்டிப் நகரில் நீதிபதி சர் சேம்சு பிட்செமசு தீபனின் முன் வந்தது. இவர் 1869 முதல் 1872 வரை இந்திய அரசப் பிரதிநிதியின் மன்றத்தில் சட்ட உறுப்பினராக இருந்தவர்; 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை வரைந்தவர்.

உடலைப் புதையாமல் எரிப்பது தன்னளவிற் குற்றமன்று. பொதுத் தொல்லையாகும் வகையில் எரித்தாலோ, மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கில் எரித்தாலோதான் குற்றம் என்று அவர் விளக்கினார். பிரைசு விடுவிக்கப்பட்டு, அதே ஆண்டு மார்ச்சு 14 அன்று தம் மகனை எரியூட்டினார். 1885 மார்ச்சு 26இல் வோக்கிங் உலை முதல் மனித உடலை ஏற்றது. பிரைசு 1893இல் இறந்தபோது அவரது விருப்பப்படியே வெட்டவெளியில் எரியூட்டப்பட்டார். ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு பார்த்தனர்.

ஆக, 1884க்கும் 1902க்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்சிலும் சிதை சட்டவிரோதமானதன்று. இத்தீ அயலாருக்கு என்ன செய்கிறது என்பதே சட்டம் கேட்ட வினா. தோட்டக் குப்பைத் தீக்கு இன்றும் அந்நாடு கேட்கும் வினா அதுவே: அதற்கு முன் அனுமதி பொதுவாகத் தேவையில்லை, புகை தொல்லையாக மாறினால் மட்டுமே உள்ளூராட்சி மன்றம் தலையிடும்.

3. 1902: இடம் எனும் அளவுகோல்

1902ஆம் ஆண்டு எரியூட்டற் சட்டம் மனித உடலை இப்பொதுவிதியிலிருந்து பிரித்தெடுத்தது. உள்ளூர் அடக்க ஆணையங்கள் எரிகூடம் அமைக்க அதிகாரம் பெற்றன. குடியிருப்பு வீட்டிலிருந்து, அதன் உரிமையாளரும் குடியிருப்போரும் எழுத்தில் இசைந்தாலன்றி, 200 யாருக்குள்ளும் பொது வீதியிலிருந்து 50 யாருக்குள்ளும் எரிகூடம் எழுப்பக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. மருத்துவச் சான்று, பதிவேடு முதலியவற்றுக்கு ஒழுங்குவிதிகள் இயற்றும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு அளிக்கப்பட்டது. நஞ்சூட்டிய கொலைகள் சாம்பலோடு மறைந்துவிடும் என்ற அச்சம் அக்காலத்தில் வலுவாக இருந்தது.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒரு வரையறையில் இருந்தது. மனித உடலெச்சங்களை எரிப்பதற்கான கருவிகள் பொருத்தப்பட்ட "கட்டடம்" எதுவோ அதுவே எரிகூடம். ஒழுங்குவிதிகளுக்கு மாறாக எரிப்பது குற்றமாக்கப்பட்டது. எரிகூடத்துக்குப் புறத்தே எரித்தலை ஒழுங்குவிதிகள் விலக்கின. 2009 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதிகளும் இந்நிலையைத் தொடர்ந்தன. தீயின் விளைவைக் கேட்ட சட்டம் இவ்வாறு தீயின் இருப்பிடத்தைக் கேட்கும் சட்டமாக மாறியது.

சட்டத்தில் யாருடைய சமய உணர்வுக்கு இடம் கிடைத்தது என்பதும் நோக்கத்தக்கது. எரியூட்டலை ஒட்டிச் சடங்கு நடத்த ஆங்கிலத் திருச்சபைப் பங்குக் குரு கட்டுப்பட்டவரல்லர் என்று ஒரு பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. பேரரசின் குடிகளாகிய கோடிக்கணக்கான இந்துக்களின் முறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது பகைமையின் விளைவெனக் கொள்ள வேண்டியதில்லை. அக்காலப் பிரித்தானிய மண்ணில் அவர்கள் மிகச் சிலரே.

4. பேரரசின் தேவையும் விதிவிலக்கும்

அச்சிலர் பலராயினர் 1914இல். பிரான்சுப் போர்முனையில் காயமுற்ற இந்தியப் படையினர் பிரைட்டன் நகரின் அரச மாளிகை உள்ளிட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இறந்தவர்களுள் இந்துக்களும் சீக்கியருமான 53 பேர், நகருக்கு அப்பால் பாட்சம் மேட்டு நிலத்தில், திறந்த வானின் கீழ்ச் சிதையில் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் எழுந்த "சத்ரி" எனும் வெண்பளிங்கு நினைவு மண்டபத்தை 1921 பிப்ரவரி 1 அன்று வேல்சு இளவரசர் திறந்து வைத்தார். 1934இல் நேபாளத் தூதரின் துணைவியார் சரே மாவட்டத்தில் வெட்டவெளியில் எரியூட்டப்படவும் உள்துறை இசைந்தது.

சட்டநூல் மாறவில்லை, நடைமுறை வளைந்தது. போரிட்ட வீரனுக்கும் தூதரின் குடும்பத்துக்கும் இயன்ற ஒன்று, பின்னாளில் குடியேறிய தொழிலாளிக்கும் ஏதிலிக்கும் இயலாததாயிற்று. முன்னவர்களுக்காக அரசே வழி கண்டது. பின்னவர்கள் தாமே கேட்க வேண்டியிருந்தது. 1983க்குப் பின் பெருந்தொகையாக வந்த ஈழத் தமிழர் புகலிட உரிமை, வீடு, வேலை என்று உயிரோடிருப்போரின் உரிமைகளுக்காகவே முதலில் உழைக்க நேர்ந்தது. இறந்தோருக்கான தீ அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

5. 2006–2010: ஒரு சொல்லின் பொருள்

கேட்டவர் நியூகாசில் நகரில் வாழ்ந்த டேவெந்தர் காய் என்னும் இந்து முதியவர். தம் இறுதிச்சடங்குக்காக நகருக்கு வெளியே ஓரிடம் ஒதுக்கித் தருமாறு 2006இல் நகரசபையிடம் வேண்டினார். சட்டம் இடந்தராது என்று சபை மறுத்தது. அதே ஆண்டு சூலையில் நோதம்பர்லாந்து வயலொன்றில் ஓர் இந்தியரின் உடல் சிதையில் எரியூட்டப்பட்டபோது, குற்றம் நிகழ்ந்திருக்கலாம் எனினும் வழக்குத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததன்று என்று அரச வழக்குத்தொடர் துறை முடிவு செய்தது.

2009 மே 8 அன்று உயர் நீதிமன்றம் காயின் மனுவைத் தள்ளியது. வெட்டவெளியில் உடல் எரிவது பிறர் மனத்தை வருத்தும் என்பது அரசின் வாதம். சமய உரிமை தடைப்படுவது உண்மையே. ஆயினும் இத்தகைய விடயத்தில் நாடாளுமன்றத்தின் தெரிவுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றது மன்றம். தீ அயலாருக்கு என்ன செய்கிறது என்ற பழைய வினா, தீயை எண்ணிப் பார்ப்போருக்கு என்ன செய்கிறது என்று இங்கே உருமாறியதைக் காண்கிறோம்.

மேன்முறையீட்டில் வழக்கு எதிர்பாராத எளிமையை அடைந்தது. மரபுமுறைத் தீயும் உடல்மீது நேரே படும் ஞாயிற்றொளியும் கிடைக்குமாயின், சுவர்களும் திறப்புடைய கூரையும் கொண்ட அமைப்பு ஒன்றுக்குள் எரியூட்டப்படத் தமக்குத் தடையில்லை என்று காய் தெளிவுபடுத்தினார். எனவே வினா ஒன்றே எஞ்சியது: அத்தகைய அமைப்பு 1902ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் "கட்டடம்" ஆகுமா? 2010 பிப்ரவரி 10 அன்று நியூபெர்கர் பிரபு தலைமையிலான அமர்வு, அச்சொல்லுக்கு இயல்பான பொருளே கொள்ள வேண்டும். எல்லாப் புறமும் மூடியிருந்தால்தான் கட்டடம் என்பதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை என்று தீர்ப்பளித்தது. இதனால் சமய உரிமை பற்றிய வினாவுக்கு விடை கூறும் தேவை எழவில்லை. அதே 2010இல் பாட்சம் மேட்டில் எரியூட்டப்பட்ட 53 வீரரின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லும் திறக்கப்பட்டது.

6. எஞ்சி நிற்பது

தீர்ப்பு கதவைத் திறந்ததேயன்றி வழியை அமைக்கவில்லை. நில அமைப்பு அனுமதியும் சூழல் அனுமதியும் தனி வினாக்கள் என்பதை மன்றம் உணர்த்தியே இருந்தது. எரிகூடம் எதுவாயினும் இன்று உள்ளூராட்சி மன்றத்தின் சூழல் அனுமதிக்கு உட்பட்டது. இவ்வொழுங்கின் வேர் 1990ஆம் ஆண்டுச் சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. பல் அடைப்புகளிலிருந்து வெளியேறும் பாதரச ஆவி, துகள், கருமை, மணம் ஆகியன கண்காணிக்கப்படுகின்றன. வாயு உலையில் புகையை உயர் வெப்பத்தில் மீண்டும் எரிக்க இயலும். திறந்த கூரையின் கீழ் எரியும் விறகுத்தீக்கு அவ்வசதி இல்லை. 200 யார், 50 யார் எனும் பழைய எல்லைகளும் நீங்கவில்லை.

இத்தகைய வினாக்களுக்கு உள்ளூர் அளவில் விடை காண இயலும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிரெசுத்தோன் சிற்றூர் சான்று. அங்கே ஊர்த் தொண்டர் அமைப்பொன்று, மாவட்ட ஆட்சியின் ஒப்புதலோடும் தீயணைப்புத் துறையின் இசைவோடும் வெட்டவெளி எரிமேடை ஒன்றை நடத்துகிறது. அது அவ்வட்டாரத்தில் வாழ்வோருக்கு மட்டுமே உரியது. மக்கள் அடர்ந்த இங்கிலாந்துக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. எனினும் வரையறுத்த இடம், வரையறுத்த பயனாளர், பொறுப்பேற்கும் ஊரமைப்பு என்னும் மூன்றும் அனுமதியை எளிதாக்குகின்றன என்பது தெளிவு.

முடிவுரை

1884இல் தொல்லை, 1902இல் இடம், 2009இல் பிறர் உணர்வு, 2010இல் ஒரு சொல்லின் பொருள் என்று சட்டத்தின் அளவுகோல் நான்கு முறை மாறியுள்ளது. இன்று வினா மீண்டும் தொல்லைக்கே திரும்பியுள்ளது. ஆனால் அதை அளப்பது நடுவர் குழுவன்று, உள்ளூராட்சி மன்றத்தின் சூழல் அலுவலர்.

ஆகவே "சட்டம் தடுக்கிறது" எனும் விடை தமிழர்க்கு இனிப் போதாது. சிதை வேண்டும் என்போர் சாத்திரத்தோடு தொலைவுக் கணக்கையும் புகைக் கணக்கையும் மன்றத்தின் முன் வைக்க வேண்டும்; அயலாரின் இசைவையும் நாட வேண்டும். வேண்டாம் என்போரும் தம் மரபைத் துறந்தவராகார். ஐவகை முறைகளை ஒரே காதையில் எண்ணிச் சொன்ன இலக்கியத்துக்கு உரியவர்கள் நாம். பொத்தானை அழுத்தும் கை, வேறு வழியே இல்லை என்ற மயக்கத்தால் அழுத்துகிறதா, அறிந்து தெரிந்துகொண்ட வழியாக அழுத்துகிறதா என்பதே வேறுபாடு. இரண்டாவது நிலையை அடைய, இவ்வரலாற்றை அறிந்திருத்தல் முதற்படியாகும்.